பிரிகிறவர் யார், பிரிக்கிறவர் யார்?

புதுக்கடை நீதிமன்றங்களில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நின்று உரைபெயர்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சொல்லைக் கேட்டால் அதைச் சொன்னவர் யார், எவரை நோக்கிச் சொன்னார் என்று பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொற்றியது. ஓய்வூதியம் வந்த பிறகும் அது போகவில்லை. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சொல்லைச் சுற்றி நிற்பதால் மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

ஐயா, தொலைக்காட்சி விவாதங்களில் எல்லோரும் எல்லோரையும் ‘பிரிவினைவாதி’ என்கிறார்கள். ஆளும் கட்சி எதிர்க்கட்சியைச் சொல்கிறது, எதிர்க்கட்சி திருப்பிச் சொல்கிறது. அப்படியானால் இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை)

ரீச்சர், பொருள் மிகக் குறுகியது. இருக்கும் ஒரு நாட்டிலிருந்து ஒரு நிலப்பரப்பு விலகித் தனி நாடாக வேண்டும் என்று கேட்பது பிரிவினைவாதம். நிலமும் இருக்க வேண்டும், தனி அரசு வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது. நீங்கள் பார்க்கும் விவாதங்களில் இரண்டுமே இருப்பதில்லை, சத்தம் மட்டும் இருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம் சொல்லின் அமைப்பிலேயே உள்ளது. பள்ளியில் நீங்களே படிப்பித்திருப்பீர்கள். ‘பிரிதல்’ தன்வினை, ‘பிரித்தல்’ பிறவினை. அவன் பிரிந்தான் என்றால் போனவன் அவன். அவன் பிரித்தான் என்றால் மற்றவர்களை விலக்கி வைத்தவன் அவன். ஒரு ‘த்’ கூடியதும் ஆளே மாறிவிடுகிறார். ஆனால் ‘பிரிவினை’ என்ற பெயர்ச்சொல்லில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. விலகிப் போக நினைப்பவரும் பிரிவினைவாதி ஆகிறார், அயலவர்களை ஒருவருக்கொருவர் ஆகாதவர்களாக்கி வாக்குச் சேர்ப்பவரும் பிரிவினைவாதி ஆகிறார். முதலாமவருக்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். இரண்டாமவருக்குத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன: பிரித்தாளுகிறவர், பிளவுபடுத்துகிறவர், பேச்சு வழக்கில் சிண்டு முடிகிறவர். சாம, பேத, தான, தண்டம் என்ற பழைய நான்கு உபாயங்களில் ‘பேதம்’ என்பதும் இவருடைய தொழில்தான்.

சிங்களத்திலும் இதே கதை. பிரிவினைவாதத்தை அவர்கள் ‘பெதும்வாதய’ என்பார்கள். அதே ‘பெதும்’தான் ‘பெதும் நடுவ’ என்பதிலும் வருகிறது. கூட்டாக உரிமை கொண்ட காணியில் தன் பங்கைத் தனியாக அளந்து கேட்கும் வழக்கு அது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. காணியில் சின்னஞ்சிறு பங்கு உள்ளவரும் வழக்குப் போடலாம், அவரை எவரும் துரோகி என்று சொல்ல மாட்டார்கள். தலைமுறை தாண்டி நடக்கும் அந்த வழக்குகளுக்கு நான் உரைபெயர்த்திருக்கிறேன். அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் இருப்பார்கள், உண்மைதான். ஆனாலும் நீதிமன்ற ஏட்டில் ‘பெதும்’ என்பது வசைச்சொல் அல்ல. ‘வாதய’ என்ற வால் ஒட்டிய பிறகுதான் அது வசையானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தன்னுடைய அரசியலை ‘பிரிவினை’ என்று அநேகமாக எவரும் அழைப்பதில்லை. 1976 மே 14இல் தமிழர் விடுதலைக் கூட்டணி நிறைவேற்றிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனி அரசைத்தான் கேட்டது, நான் சொன்ன குறுகிய பொருளில் அது பிரிவினைக் கோரிக்கையேதான். ஆனால் கேட்டவர்களின் வாயில் வந்தவை தமிழீழம், தனிநாடு, விடுதலை. கடலுக்கு அப்பாலும் ஏறத்தாழ இப்படித்தான். திராவிட நாடு கேட்டவர்கள் சில வேளை பிரிவினை என்றே சொன்னாலும் விடுதலை என்றும் பேசினார்கள், புதுடில்லிக்கு அது பிரிவினை மட்டும்தான். 1963இல் பிரிவினை கேட்பதைத் தடுக்க வழிசெய்த இந்திய அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் வந்த காலத்தில் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. ஆகவே ‘பிரிவினைவாதி’ என்பது பெரும்பாலும் எதிர்த் தரப்பு வைக்கும் பெயர். செய்தி எழுதும் பிள்ளைகள் ‘தனிநாடு கோரிய’ என்று எழுதிவிட்டுப் போகலாம். பொருளும் சரியாக இருக்கும், எவர் பக்கத்து வாயையும் இரவல் வாங்கியதாகவும் இராது.

சமஷ்டி (கூட்டாட்சி) கேட்பதும் பிரிவினைவாதம்தான் என்று என் விரிவுரை வகுப்பில் ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? (சட்ட மாணவர், புதுக்கடை)

தம்பி, உங்கள் நண்பரை 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் அது வழங்கப்பட்டது.

கதை சற்று நீளம். தீவுக்குச் சமஷ்டி ஏற்றது என்று 1926இல் எழுதியும் பேசியும் வந்தவர் பின்னாளில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அடுத்த ஆண்டில், அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவிடம் சமஷ்டி கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர்கள். தமிழ்க் கட்சி ஒன்று அதைக் கொள்கையாக எடுத்தது 1949 டிசம்பர் 18இல்தான். அதுவும் யாழ்ப்பாணத்தில் அல்ல, இங்கே மருதானையில், அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் கட்டடத்தில்.

அன்று பிறந்த கட்சிக்கு இரண்டு பெயர்கள். ஆங்கிலத்தில் ‘பெடரல் பார்ட்டி’, அதாவது சமஷ்டிக் கட்சி. தமிழில் ‘இலங்கைத் தமிழரசுக் கட்சி’. சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பெயர் போதுமானதாக இருந்தது. ‘அரசு’ என்கிறார்களே, ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்லித் தமிழில் வேறொன்றைக் கேட்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சமஷ்டி நாடுகளில் உறுப்பு மாநிலத்துக்கும் ‘அரசு’ என்ற சொல் உண்டு. சென்னையில் ‘தமிழ்நாடு அரசு’ என்று பெயர்ப் பலகை தொங்குகிறது, அதைப் பார்த்து எவரும் படை அனுப்பவில்லை. ஆனாலும் ஒரு நீதிமன்ற உரைபெயர்ப்பாளன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே கட்சிக்கு இரு மொழியில் இரு பொருள் தரும் பெயர் வைத்தால் குறுக்கு விசாரணைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

1983 ஆகஸ்ட் 8இல் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தது. ஜூலைக் கலவரத்தின் புகை கொழும்பில் அடங்கியிராத நேரம். இலங்கையின் ஆள்புலத்துக்குள் தனி அரசு ஒன்றை நிறுவுவதை, நேராகவோ மறைமுகமாகவோ, நாட்டுக்குள்ளோ வெளியிலோ, எவரும் ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ பணம் கொடுக்கவோ கூடாது என்பது அதன் சாரம். உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும். செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். கவனியுங்கள், அங்கே தடுக்கப்பட்டது ‘தனி அரசு’. அதிகாரம் கேட்பதோ மாகாணம் கேட்பதோ அல்ல.

ஒரு கட்சியின் நோக்கம் தனி அரசுதான் என்று எவரேனும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவும் அதே திருத்தம் வழி செய்தது. அப்படித்தான் தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கு வந்தது. அதன் செயலாளராக இருந்த மாவை சேனாதிராசா முதல் எதிர்மனுதாரர். கட்சி யாப்பில் ‘சமஷ்டி’ என்றிருந்தது ‘இணைப்பாட்சி’ என்று மாறியிருந்ததும் அங்கே வாதமானது. இணைப்பு என்றால் தனித்தனி நாடுகள் சேர்வது, ஆகவே முதலில் தனி நாடு என்று மனுதாரர் தரப்பு பொருள் கொண்டது. எனக்கு இதைப் படிக்கும்போது ஒருவிதத் தொழில் மகிழ்ச்சி. வடசொல்லுக்குப் பதில் தமிழ்ச் சொல் வைத்ததற்காக நாட்டின் உச்ச மன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது! பிரிக்கப்படாத ஒரே நாட்டுக்குள் சமஷ்டி அமைப்பைக் கோருவது தனி அரசைக் கோருவது ஆகாது என்று மன்றம் முடிவு செய்தது. உங்கள் நண்பர் சமஷ்டியை எதிர்க்கலாம், அது அவர் உரிமை. ‘எதிர்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டு எதிர்க்கட்டும்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள்தான் நாட்டின் முதல் பிரிவினைவாதிகள் என்று என் தகப்பனார் சொல்வார். சரியா? (கொட்டாஞ்சேனை)

கோபம் சரி, சொல் சரியில்லை. அவர்கள் எங்கும் பிரிந்து போக நினைக்கவில்லை. பிரித்தார்கள். அந்தச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்த 1956 ஜூன் 5 அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் கேட்டது இதே நாட்டுக்குள் தங்கள் மொழிக்கு ஓர் இடம். அடி வாங்கிக்கொண்டு போனார்கள். போனவர்களில் சிலரும் அவர்களின் பிள்ளைகளும்தான் இருபது ஆண்டு கழித்து வேறு கோரிக்கையோடு வந்தார்கள். பிரித்தல் முந்தியது, பிரிதல் பிந்தியது. தகப்பனாரிடம் என் வணக்கத்தைச் சொல்லி, ‘பிளவுபடுத்தியவர்கள்’ என்று திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கிழக்கு மாகாணத்தவர் ஒருவர் ‘முடிவெல்லாம் யாழ்ப்பாணத்தில்தான் எடுக்கப்படுகிறது’ என்றால் உடனே அவர் ‘பிரதேசவாதி’. கோயில் வாசலில் சாதியைப் பற்றி வாய் திறந்தால் ‘இந்த நேரத்தில் ஒற்றுமையைக் குலைக்கிறார்’. முஸ்லிம் ஒருவர் வடக்கு கிழக்கு இணைப்பு தமக்கு வேண்டாம் என்றால் அவருக்குக் கிடைக்கும் பட்டங்களை அச்சில் போட ஆசிரியர் விட மாட்டார். அந்த இணைப்பை 2006 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றபோது நாம் அதைச் சரியாகவே ‘பிரிப்பு’ என்றோம். பிறர் பிரிக்கும்போது நமக்கு இலக்கணம் பிழைப்பதில்லை.

‘ஏக்கிய’, ‘ஐக்கிய’ இரண்டும் ஒன்றுதானே? சிங்களச் செய்தியில் ‘ஏக்கிய’ என்று கேட்கும்போதெல்லாம் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து மகிழ்கிறேன். (தெஹிவளை)

மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். சிங்கள ‘ஏக்கிய’ என்பது ஒற்றையாட்சி, அதாவது இறுதி அதிகாரம் மத்தியிடமே இருக்கும் ஆட்சி. ஒற்றுமை, ஐக்கியம் என்பதற்கு அவர்களிடம் ‘எக்சத்’ இருக்கிறது. காதுக்கு நமது ‘ஐக்கியம்’ போலவே கேட்கும் ஒரு சொல் நமக்கு நேர் எதிரான அரசியலைச் சுமந்து நிற்கிறது.

2017 செப்டம்பரில் புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தபோது இந்த வித்தை உச்சத்துக்குப் போனது. நாடு எப்படிப்பட்டது என்று சொல்லச் சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’ என்று வைத்தார்கள், தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்று வைத்தார்கள். ஆங்கிலத்தில் ஒற்றையாட்சிக்கான வழக்கமான சொல்லை வைக்கவில்லை, இந்த இரண்டையுமே அப்படியே எழுதினார்கள். இன்றைய அரசியலமைப்பின் தமிழில் ‘ஒற்றையாட்சி’ என்றுதான் இருக்கிறது. தெற்கில் ஒரு சாரார் ‘ஒருமித்த என்றால் ஏக்கிய இல்லை, நாட்டைப் பிரிக்கப் பார்க்கிறார்கள்’ என்றார்கள். வடக்கில் ஒரு சாரார் ‘ஏக்கிய என்றால் ஒற்றையாட்சிதான், ஏமாற்றப் பார்க்கிறார்கள்’ என்றார்கள். இரு தரப்பும் ஒரே வரியைப் படித்து எதிரெதிர்த் திசையில் பயந்தன. மொழிபெயர்ப்பைச் சமரசத்துக்குப் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். மனங்கள் இணங்கிய பிறகு சொல் தேடலாம், சொல்லைத் தேடிவிட்டு மனங்களை இணக்க முடியாது.

‘ஐக்கிய’ என்றதும் ஒரு வேடிக்கை. ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து 2020இல் பிரிந்தவர்கள் தங்களுக்கு வைத்த பெயர் ஐக்கிய மக்கள் சக்தி. அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் பழைய ஐக்கியத்துக்கு மாவட்டங்களில் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை, நாடளாவிய வாக்கு விகிதப்படி ஒதுக்கும் தேசியப் பட்டியலில் ஒன்று மட்டும் கிடைத்தது.

உயர்தர அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் சமூகம் இரு முனைகளாக நிற்பதை எப்படி எழுதுவது? ‘துருவமயமாதல்’ என்று ஆசிரியர் சொல்கிறார். விஞ்ஞானப் பிரிவு நண்பி ‘முனைவாக்கம்’தான் சரி என்கிறாள். (மாணவி, பம்பலப்பிட்டி)

இருவரும் சரி, மகள். இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் நம் நாட்டுப் பாடநூல்களில் ‘முனைவாக்கம்’ நிலைபெற்றுவிட்டது. அரசியலுக்குப் பத்திரிகைகள் ‘துருவமயமாதல்’ என்கின்றன. பரீட்சையில் ஆசிரியர் சொன்னதை எழுது. ஆனால் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள். வெறுமனே கருத்து வேறுபாடு இருப்பது துருவமயமாதல் ஆகாது. பத்துக் கட்சிகள் பத்து விதமாகச் சண்டை போட்டால் அது பிளவு. நடுவில் நின்றவர்களுக்கு இடம் இல்லாமல் போய், எல்லோரும் ஏதாவது ஒரு முனைக்குத் தள்ளப்பட்டால்தான் அது துருவமயமாதல்.

உதாரணம் எழுத வேண்டுமானால் 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலை எடு. தமிழர் பெரும்பான்மையான யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வாக்குகள் சஜித் பிரேமதாசவுக்கு. தெற்கே சிங்களவர் பெரும்பான்மையான மாத்தறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு கோட்டாபய ராஜபக்சவுக்கு. ஒரே தீவு, ஒரே நாள், ஒரே வாக்குச் சீட்டு. அதோடு நிறுத்தாதே. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் அதே யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தெற்கில் வேர்கொண்ட தேசிய மக்கள் சக்தி எடுத்தது. மட்டக்களப்பு தவிர்ந்த எல்லா மாவட்டங்களிலும் அது முதலிடம் வந்தது. பூமியின் துருவங்கள் இருந்த இடத்தில் இருக்கும், அரசியலில் அப்படி இல்லை. இதையும் சேர்த்து எழுதினால் பரிசோதகர் நிமிர்ந்து உட்காருவார்.

துருவமயமாதல், துருவமயப்படுத்தல் இரண்டையும் மாற்றி எழுதிவிடாதே. முன்னையது நடப்பது, பின்னையது எவரோ நடத்துவது.

சென்னையிலுள்ள என் மைத்துனர் ‘வகுப்புவாதம்’ என்று எழுதுகிறார். நாம் ‘இனவாதம்’ என்கிறோம். எது சரி? (வத்தளை)

அவருக்கு அது, நமக்கு இது. அங்கே சண்டை பெரும்பாலும் மதத்தின் பெயரில், ஆகவே வகுப்பு. இங்கே இனத்தின் பெயரில். உங்களுக்கு நான் தரும் எச்சரிக்கை வேறு. சிங்களத்தில் இனவாதம் ‘ஜாதிவாதய’. அவர்களுக்கு ‘ஜாதிய’ என்றால் இனம், தேசம். நமது சாதிக்கு அவர்கள் சொல்வது ‘குலய’. சாட்சிக் கூண்டில் நிற்பவர் ‘அவர் ஒரு ஜாதிவாதி’ என்றதும், புதிதாக வந்த உரைபெயர்ப்பாளர் ‘சாதிவெறியர்’ என்று தமிழில் சொல்லிவிட்டால் வழக்கின் திசையே மாறிவிடும்.

எங்கள் தொடர்மாடியில் தனித்தனி நீர்மானி பொருத்த வேண்டும் என்று கேட்டேன். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் என்னைப் ‘பிரிவினைவாதி’ என்றார்கள். என்ன செய்யலாம்? (வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்)

மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் உங்களுக்கு வைத்துப் பார்த்தேன். நிலம் இருக்கிறது, மூன்றாம் மாடி. தனி அரசு கேட்டீர்களா? இல்லை. மின்தூக்கியும் படிக்கட்டும் காவலாளியும் பொதுவாகவே இருக்கட்டும், தண்ணீர்க் கட்டணம் மட்டும் அவரவர் செலவழித்தபடி என்கிறீர்கள். நீங்கள் சமஷ்டிவாதி. அடுத்த கூட்டத்துக்கு 2017 தீர்ப்பின் பிரதியோடு போங்கள்.

பிளவு அரசியலுக்குக் குறளில் என்ன சொல்? (தமிழ்ச் சங்க நூலகத்தில் அடிக்கடி சந்திக்கும் அன்பர்)

‘பல்குழு’, ‘உட்பகை’. உட்பகைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது, 89ஆவது. நீங்கள் தேடுவது 735ஆவது குறளில் சேர்ந்தே வருகிறது:

பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும்
கொல்குறும்பும் இல்லது நாடு.

குழு குழுவாகப் பிரிந்து நிற்பதும், உள்ளிருந்தே பாழாக்கும் பகையும், அரசை அலைக்கழிக்கும் கொலைத் தொழில் குறும்பர்களும் இல்லாததுதான் நாடு. இவர்களில் ஒருவரும் பிரிந்து போகக் கேட்டவர் இல்லை. எல்லோரும் உள்ளே இருந்தே வேலை பார்ப்பவர்கள். ‘பிரிவு’ என்ற சொல்லை வள்ளுவர் பெரும்பாலும் காமத்துப்பாலுக்கு, தலைவன் பொருள் தேடப் போகும் துன்பத்துக்கு வைத்துக்கொண்டார்.

‘கொல்குறும்பு’ எப்படிப் பிள்ளைகளின் குறும்பு ஆயிற்று என்று எழுதிக் கேட்க வேண்டாம். அடுத்த இதழுக்கு ‘அனர்த்தம்’ வரிசையில் நிற்கிறது.